கலக்கிய மருந்து

எண்பதுகளில் நாமக்கல் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக்கு வந்துபோன வைரஸ் ஆராய்ச்சியாளர் வணக்கத்துக்கு முன்பே கோபப்படுவார். கால் இழுத்துச் செத்த கோழியின் தொடையைக் கீறி, வீங்கிய நரம்பை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார். "ஹெர்பிஸ் வைரஸ்! குஞ்சு பொரிச்ச அன்னைக்கே ஊசி போட்டாத்தான் எதிர்ப்புச் சக்தி வரும்!"

ஒருநாள் தடுப்பு மருந்தைக் கலக்கி வைத்துவிட்டு என் அண்ணன் காத்திருந்தார்.

"ராகு காலம் போகட்டுமுங்க சார்."

"அதுக்குள்ள இருக்கறது உயிருள்ள வைரஸ்யா! உன் ராகு காலத்துல அது செத்தே போச்சு!" என்று குப்பியைச் சுவரில் அடித்தார்.

பிறகு, தன் ஆய்வுக்கூடத் திறப்பு விழாவில், ராகு காலம் முடியும்வரை எங்களை வெயிலில் நிறுத்தினார். எனக்கு ஆத்திரம். "இப்ப மட்டும் ஏனுங்க சார்?"

"கட்டடத்துக்கு உயிர் இல்லைய்யா, காத்திருந்தா சாகாது!" என்று கத்தினார்.

பதில் சரிதான். ஆனால் வெயிலில் காத்திருந்தது நாங்களல்லவா?