எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு மடையான்

இயற்கைப் புகைப்படக் கலை ஒரு தியானம் என்று வகுப்பெடுப்பவர்கள் சொல்வார்கள். கொசு கடிக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் ராயபுரத்தில் கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறவன். "இங்க பாருங்க, சிரிங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போனபின், சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத பறவைகளிடம் அடைக்கலம் புகுந்தேன். வேலையில்லாத காலைகளில் எண்ணூர்க் கழிமுகம். லென்ஸைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போன சக பாவிகளே, என் கதை உங்களுக்குத்தான் புரியும்.

தேடல்

"படத்தை நீ தேடாதே, அது உன்னைத் தேடி வரும்" என்பது வகுப்பின் முதல் பாடம். சேற்றோரம் ஸ்டாண்டை நட்டு, மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்தேன். எதிரே இடுப்பளவு தண்ணீரில் கன்னியம்மா அக்கா, ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அவர் கூடை நிறைந்தது. என்னைத் தேடி ஒன்றும் வரவில்லை. கரையேறியவர் கூடையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "இன்னா நைனா, வந்ததுலேந்து தரையவே பாத்துகினு குந்திகினு கீற? எதுனா தொலச்சிட்டியா? சொல்லு, நானும் தேடறேன்."

விசாரணை

ஒரு நாள் அனல்மின் நிலைய மதில் ஓரமாக மடையான் ஒன்று நின்றது. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அது அசையவில்லை, நானும் அசையவில்லை. இருவரில் யார் பெரிய ஞானி என்று முடிவாவதற்குள் மதிலுக்குக் காவலிருந்தவர் வந்துவிட்டார்.

"இன்னாத்தப் படம் புடிக்கிற?"

"மடையான்."

"யார்ரா மடையன்?"

பறவையின் பெயரே அதுதான் என்றேன். நம்பவில்லை. கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார். மடையான், மடையான், மறுபடியும் மடையான். "ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் வேற சார்" என்றேன். பாதியிலேயே அவர் கோபம் வடிந்துவிட்டது. கேமராவைத் திருப்பிக் கொடுத்து, தோளில் கைபோட்டார்: "ஒரே கொக்க இத்தினி வாட்டி எடுத்துகினு கீறியே, வூட்ல எதுனா பேஜாரா மாமு?"

பொறுமை

கழிமுகத்தில் கற்ற பொறுமையைத் தொழிலிலும் காட்டினேன். ராயபுரத்தில் ஒரு ஞானஸ்நானம். கோயில் ஜன்னல் வழியே வெயில் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் குழந்தையின் நெற்றியில் விழும். காத்திருந்தேன். வெயில் வந்தது, நெற்றியில் பட்டது, அழகோ அழகு. அதற்குள் தண்ணீர் ஊற்றி, துடைத்து, குழந்தை அழுது ஓய்ந்தும் விட்டது. தகப்பன் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். "ஃபாதர், இன்னொரு தடவை லேசா..." என்று இழுத்தேன். அவர் சாந்தமாகச் சொன்னார்: "தம்பி, போட்டோ சரியா வரலன்னு ரெண்டாவது ஞானஸ்நானம் குடுக்கத் திருச்சபையில இடமில்ல."

சாட்சி

ஒரு காலையில் கன்னியம்மா அக்கா காலிக்கூடையோடு என்னிடம் வந்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் எங்கோ உடைந்து, அவர் துழாவும் இடமெல்லாம் சாம்பல் படிந்திருந்தது. கையை விட்டால் சேறு வரவில்லை, மாவுதான் வந்தது. மனு கொடுக்கப் போன இடத்தில், "முன்னாடி எப்படி இருந்தது, எப்போதிருந்து இப்படி? படம் கொண்டு வா" என்றார்களாம். "நீதான் நாலு வருசமா எடுத்துகினு கீறியே" என்றார்.

பெருமையோடு கேமராவைத் திறந்தேன். ஒரு படத்திலும் கரை இல்லை. குழாய் இல்லை, புகைபோக்கி இல்லை. எதையெல்லாம் மங்கலாக்கலாம், எதையெல்லாம் வெட்டி எறியலாம் என்பதில் நாலு வருஷமாக எனக்கு அப்படியொரு தேர்ச்சி. எந்த ஊர்க் கொக்கு என்று கொக்குக்கே தெரியாது. அவர் திட்டவில்லை. "எங்கூராண்டயே வந்து குந்திகினு, எங்கூர மட்டும் வுட்டுட்டு எடுத்துகீறியே நைனா" என்றார்.

மனு

மறுநாள் முதல்முறையாகத் தண்ணீரில் இறங்கினேன். வெளிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. முழங்கை வரை சாம்பல் அப்பிய அவர் கை, பின்னால் குழாய், காலிக்கூடை. எடுத்த படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு இருவரும் கொண்டுபோனோம். பல நடைக்குப் பிறகு குழாய்க்கு ஒட்டுப் போட ஆள் வந்தது. இறால் இன்னும் பழையபடி வரவில்லை. ஆனால் முதல் நாள் மனுவை வாங்கிய அதிகாரி படத்தை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "பிரமாதம் சார். அந்தச் சாம்பல் மட்டும் இல்லாம இருந்தா போட்டிக்கே அனுப்பலாம்."

மற்றவர்கள் தியானம் செய்ய இரண்டு கண்ணையும் மூட வேண்டியிருக்கிறது. எங்கள் கலையில் ஒன்றை மூடினாலே போதும்.