சீழை மறைத்த மரியாதை

எலும்பு வார்டில் டிரெஸ்ஸிங் பார்க்கும் நர்ஸுக்குக் கண்ணைவிட மூக்குதான் சோறு போடுகிறது. கட்டைப் பிரிக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிடும். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொண்ணூறுகள் முழுக்க இந்த வேலைதான் பார்த்தேன். ஆறாத புண்ணோடு படுத்தவர்களும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் என் கூட்டாளிகள். மற்றவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து படிக்கவும்.

மஞ்சள் வாசம்

மாரப்பன் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். கிணத்துக்கடவுப் பக்கம் ஊர். காளை முட்டித் தள்ளியதில் இடுப்பு ஒடிந்து, எங்கள் டாக்டர் செயற்கை மூட்டு வைத்து அனுப்பியிருந்தார். பத்து மாதம் கழித்துக் காட்ட வந்தவரிடம் வலி உண்டா என்று டாக்டர் கேட்டார். சுகமாக இருப்பதாகச் சொன்னார். எனக்கு மஞ்சள் வாசம் அடித்தது, அதற்கு அடியில் இன்னொரு வாசமும்.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தேன். தொடையில் மஞ்சளை அப்பி, மேலே பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக் கட்டியிருந்தார். தழும்பின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாக நாலு மாதமாகச் சீழ் வந்துகொண்டிருந்ததாம். ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அத்தன பாடுபட்டு வெச்சு உட்டவருங்க அம்மணி. சீழ் வருதுன்னு போய்ச் சொன்னா அவரு மனசு நொந்துபோயிருமுங்க."

உள்ளே போட்ட மாலை

மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் மாத்திரைக்கு அடங்காது. மூட்டையே கழற்றினார்கள். சுற்றியிருந்த அழுகல் சதையைச் சுரண்டிக் கழுவி, மருந்து கலந்த எலும்புச் சிமெண்டைக் கோலிகுண்டு மாதிரி உருட்டி, கம்பியில் கோத்து அந்தக் குழிக்குள் வைத்தார்கள். காலில் எடை கட்டி ஆறு வாரம் படுக்கை, நரம்பு வழியாக மருந்து. எல்லாம் அடங்கினால் புது மூட்டு. அதற்கப்புறமும் சீழ் வந்தால் மூன்றாவது மூட்டு கிடையாது, கால் குட்டையாகிவிடும், சந்தைப் பக்கமே போக முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அவர் மனைவி சரசுவதி எக்ஸ்ரேயில் அந்த மணிகளை வெகுநேரம் பார்த்தார்.

"என் கழுத்துக்கு ஒரு பாசிமணி வாங்கித் தராத மனுசன், இடுப்புக்குள்ள மாலையே போட்டுக்கிட்டாருங்க சிஸ்டர்."

வீங்கிய கை

நாலாவது வாரம் கையில் நரம்பு கிடைப்பதே திண்டாட்டமாகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தால், ஊசி நழுவி மருந்தெல்லாம் தோலுக்கடியில் போய், கை வீங்கிக் கிடக்கிறது. அவர் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மருந்தும் வேலை செய்யாது என்று திட்டினேன். இனி ஒரு சொட்டுச் சீழ், ஒருநாள் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று சத்தியமும் வாங்கினேன்.

"செரிங்க கண்ணு. நீங்க சோத்துக்கு உக்காந்தீங்க, அதுல போயி எதுக்குக் கூப்புடறதுன்னு உட்டுட்டனுங்க."

சொல்லாமல் போனவர்

புது மூட்டு வைத்தார்கள். தடியூன்றி நடந்தே பஸ் ஏறினார். மூன்றாம் மாதம் காட்ட வந்தபோது ஒரு குறையும் இல்லை.

அப்புறம் டாக்டரின் அம்மா இறந்துபோனார். நாங்கள் எல்லோரும் துக்கம் கேட்கப் போயிருந்தோம். மாரப்பனும் கிணத்துக்கடவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். ஒரு நாற்காலியில் ஒருமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சுகமுங்க என்றார். ஊதுபத்தியும் சம்பங்கி மாலையுமாக இருந்த அந்தக் கூடத்தில் என் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். துக்க வீட்டில் அப்படித்தான் போக வேண்டும் என்பதால் நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வாடகைக் காரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. துக்கம் கேட்க வந்த அன்றே வேட்டிக்குள் துணி கட்டியிருந்தார் என்று சரசுவதி அழுதார். எனக்கு அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொடுத்த சத்தியம் என்னவாயிற்று என்று மாரப்பனிடம் கேட்டேன்.

"பெத்த தாயைப் பறிகுடுத்துப்போட்டு நிக்கறவரு முன்னால, என் சீழைப் பத்தியா பேசறதுங்க அம்மணி?"

கடைசிக் கட்டு

இரண்டாவது மூட்டையும் எடுத்தாயிற்று. அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. உயிரும் காலும் மிஞ்சின. கால் மட்டும் மூன்று விரல்கடை குட்டை. உயரமாக அடி வைத்த பூட்ஸ், இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. சந்தைக்கு அவர் மச்சான்தான் போகிறாராம்.

வீட்டுக்குப் போகும் நாளில் டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று கேஸ் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக அப்படி நிற்கிற மனுஷன் இல்லை. மாரப்பன் தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, அவருக்கே ஆறுதல் சொன்னார்.

"நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க டாக்டர். உங்க கை ராசியான கைங்க, என்ற காலுதான் செரியில்லீங்க."

இப்போதெல்லாம், வந்ததும் வராததுமாக எங்களைக் கண்டபடி திட்டுகிற நோயாளியைப் பார்த்தால், இவர் பிழைத்துக்கொள்வார் என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.