யேசுதாசன் எண்ணிய கார்கள்

யேசுதாசனுக்கு மலேசியாவின் ஈப்போ நகரத்துப் பழைய கடைத்தெரு ஒன்றில் கார் தள்ளுகிற வேலை. சொந்தமாகக் கார் கிடையாது, லைசென்சும் கிடையாது. ஆனால் அந்தத் தெருவில் எந்தக் கார் யாருடையது, எது லேசாக உருளும், எது மாடு மாதிரி முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கடைகளுக்கு முன்னால் கோடு போட்ட இடங்கள் காலை ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும். பிறகு வருகிறவர்கள் முதல் வரிசைக் கார்களை மறித்து இரண்டாவது வரிசையாக நிறுத்துவார்கள். அப்படி நிறுத்துகிறவர்கள் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிட்டுப் போக வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. உள்ளே இருக்கிற கார் வெளியேற வேண்டுமென்றால் யேசுதாசன் வெளிக்காரை முன்னே தள்ளுவார், வழி கிடைத்ததும் பழையபடி பின்னே தள்ளுவார். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வந்தவர். பதினெட்டு வருடமாக இதே தள்ளல்தான்.

குடும்பத்தைத் தாங்கியது என்னவோ அவர் மனைவி அகதாவின் தோசைக் கடை. தெருக்கோடி மைதானத்தில் சின்னச் சின்னதாகப் பதினோரு சாப்பாட்டு ஒட்டுக்கடைகள் இருந்தன. மூன்றாவது அகதாவுடையது. காலை ஏழு மணிக்கெல்லாம் பேங்க் ஆட்களும் கிளினிக் நர்ஸ்களும் அங்கே மொய்ப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் வணிக வட்டார வாரியம் என்று ஒன்று முளைத்தது. கார் நிறுத்த இடமில்லை என்று கடைக்காரர்கள் புலம்ப, ஆய்வு செய்ய ரூபன் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். கழுத்தில் அட்டையும் கசங்காத சட்டையுமாக வந்த அந்த மகராசனுக்கு வெயிலில் நிற்க மனமில்லை. யேசுதாசனிடம் தாளை நீட்டினான்.

“அண்ணே, எடம் கெடைக்காம ரெண்டாவது வரிசையில நிக்கிற காடிக்கு மட்டும் ஒவ்வொரு கோடு போட்டு வைங்க. சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன்.”

“இதுல என்னா இருக்கு லா, போட்டுத் தாரேன்.”

கார் தள்ளுகிறவர்கள் காரை எண்ணிப் பழகியவர்கள் இல்லை, தள்ளியதைத்தான் எண்ணுவார்கள். உடம்பு வலிக்கு அதுதான் கணக்கு. துணிக்கடை தர்மாவின் மைவி காரை அன்று ஒன்பது முறை தள்ளினார், ஒன்பது கோடு போட்டார். சாயந்தரம் கூட்டிப் பார்த்தால் நூற்று எண்பத்தாறு. ரூபன் வாயைப் பிளந்தான். அடியில் கையெழுத்துப் போடச் சொன்னான். தன் கையெழுத்து ஆபீஸ் தாளில் ஏறிவிட்டது என்று யேசுதாசன் அகதாவிடம் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

எட்டே மாதத்தில் மைதானத்தைச் சுற்றித் தகர வேலி வந்தது. ஆறு மாடிக் கார் நிறுத்தம், செலவு இருபத்தெட்டு மில்லியன் வெள்ளி. இந்தத் தெருவில் தினமும் நூற்று எண்பத்தாறு கார்கள் இடமின்றித் தவிப்பதாக வேலியில் அறிவிப்பு தொங்கியது. அதைப் படித்த கணமே யேசுதாசனுக்குத் தான் செய்தது விளங்கிவிட்டது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. நூற்று எண்பத்தாறு கார் நிற்க அந்தத் தெருவுக்கு ஏது நீளம் என்று படித்த ஒருவன்கூடக் கேட்கவில்லை.

ஒட்டுக்கடைகளைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஈ காக்கை எட்டிப் பார்க்காத பொட்டலுக்கு மாற்றினார்கள். அகதா அரைக்கும் மாவு கால்வாசியாகச் சுருங்கியது. கட்டடமும் வெறிச்சோடிக் கிடந்தது. அரைக்கிலோ வெங்காயம் வாங்க எவன் நாலாவது மாடியில் காரை விட்டுவிட்டு இறங்கி வருவான்? தெருவில் எப்போதும்போல இரண்டு வரிசை நின்றது, யேசுதாசன் எப்போதும்போலத் தள்ளினார்.

கட்டடம் திறந்து ஆறு மாதம் கழித்து ரூபன் மறுபடி தாளோடு வந்தான்.

“இப்ப காடி கம்மியா இருந்தா என்னா செய்வீங்க தம்பி?” என்று கேட்டார் யேசுதாசன்.

“கட்டடம் இவ்வளவு பெருசா வேண்டியதில்லன்னு தெரிஞ்சா, கீழ்மாடிய ஒட்டுக்கடைக்கு விடலாம்னு ஒரு பேச்சு இருக்குண்ணே.”

அன்று மத்தியானமே பொட்டலுக்குப் போய் அகதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு காடிய ஒன்பதா எழுதுனீங்களா?”

“ஒன்பது தடவ தள்ளுனேன் லா.”

கூட இருக்கிற பத்துக் கடைக்காரர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இந்தத் தடவ நம்பர் பிளேட்ட எழுதுங்க. ஒரே நம்பர் ரெண்டு எடத்துல இருந்துச்சுன்னா, வீட்டுப் பக்கம் வராதீங்க.”

எழுதினார். தர்மாவின் மைவி எத்தனை தடவை நகர்ந்தாலும் ஒரே வரிதான். சாயந்தரம் மூன்று தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொன்று. இரண்டாவது வரிசையில் என்றைக்கும் நின்றது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து வாரியம் மண்டபத்தில் கூட்டம் போட்டு ஒட்டுக்கடைக்காரர்களையும் அழைத்தது. அகதா கோவிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு எண்கள் விழுந்தன. கட்டடத்துக்கு முன் 186, கட்டடத்துக்குப் பின் 41. நெரிசல் முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்தது, இதுவல்லவோ வெற்றி என்றார் தலைவர். மண்டபமே கை தட்டியது. இந்த வெற்றியை அடுத்த தெருவுக்கும் கொண்டு போக இரண்டாவது கட்டடத்துக்கு முப்பது மில்லியன் ஒதுக்கியாகிவிட்டதாம். வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது கால்வாயோரப் பொட்டலில்.

யேசுதாசன் எழுந்து நின்றார். முன்னேயும் நாற்பத்தொன்றுதான், எழுதியது தப்பு என்று தனக்குத் தெரிந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். மைக் அவர் பக்கம் வரவேயில்லை. ரூபன்தான் ஓடி வந்து தோளை அழுத்தினான்.

“உக்காருங்கண்ணே. ரெண்டு தாள்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. எத பொய்னு சொல்லச் சொல்றீங்க?”

யேசுதாசன் உட்கார்ந்தார். அகதா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரூபனிடம் கேட்டாள்:

“அப்ப எங்கள எங்க மாத்துவீங்க?”

“அதுக்கு இனிமேதான் ஆய்வு பண்ணணும் அக்கா,” என்றான் ரூபன்.