பெடலுக்கு முட்டுக் கட்டை

“அமுத்து!” என்று லாரிக்கு அடியில் படுத்தபடி குரல் கொடுக்கிறான் ஏசுராஜ். மேலே ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. பிறகு ஊர்ந்து வெளியே வந்து, வண்டியில் ஏறி, ஒரு சில்வர் ஓக் கட்டையை இருக்கைக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பின் அச்சுக்கு அடியில் போய்ப் படுக்கிறான்.

மலைமேல் நாகலூர் சாலையில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருக்கிறான். காப்பி மூட்டையோடு சேலத்துக்கு இறங்கும் லாரிகளுக்குக் காற்று பிரேக் பார்ப்பது அவன் தொழில். இரும்புத் துண்டுகளை டீசலில் கழுவுவான். ரப்பர் வளையங்களுக்கு மட்டும் சோப்புத் தண்ணீர். எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே பழைய வேட்டித் துணியில் அடுக்குவான். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் முறுக்கைக்கூட அளவுபடி அடுக்கி வைத்துத்தான் தின்பான் என்று அவனுடைய அக்கா லூர்துசெல்வி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

ரிலே வால்வைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். “பெடல் முன்னாலீங்க, சக்கரம் அத்தனை தூரம் பின்னால. குழாயில காத்து அங்கிருந்து வந்து பிரேக் புடிக்கறதுக்குள்ள வளைவு முடிஞ்சே போயிருமுங்க. அதனால முன்னாலிருந்து வர்றது சேதி மட்டுந்தான். சேதி வந்ததும் இந்த வால்வு, பக்கத்து டேங்குல இருக்கற காத்தைத் தொறந்து உடும். காலை எடுத்தா, புடிச்ச காத்தை இங்கியே புஸ்ஸுனு வெளிய தள்ளிரும். அந்தச் சத்தம் சுருக்குனு முடியோணும். இழுத்துச்சுன்னா வால்வு சரியில்லீங்க.”

அந்தச் சத்தத்தைக் கேட்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலை விட வேண்டும், ஒருவர் கீழே காது கொடுக்க வேண்டும். மேலே இருந்தவள் அவன் மனைவி செல்வமேரி. தூங்கும் பிள்ளையைத் தாண்டுகிறவள்போல அத்தனை மெதுவாக மிதிப்பாள். “அமுத்தியாச்சுங்க”, “உட்டாச்சுங்க” என்று அவள் பதில் சொல்வது சாலை வரை கேட்கும். அவள் குவைத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதிலிருந்து, கட்டைதான். கட்டையை எடுத்துவிட்டு அவன் பின்னால் ஓடுவதற்குள் சத்தம் முடிந்துவிடுகிறது. மறுபடியும் முட்டு, மறுபடியும் ஓட்டம்.

“நானுந்தான் முப்பது வருசமா அமுத்தறேன். எங்காலுக்கு என்னப்பா கேடு?” என்பார் லாரி ஓட்டும் மாதையன்.

“உங்களுது வண்டிய நிறுத்தற காலுங்ணா. ஒரேயடியா மிதிக்கும். எனக்கு மெதுவா மிதிக்கற காலு வேணும்.”

“பொண்டாட்டி காலுதான் வேணும்னு சொல்லிப்போடேன்!”

பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையே சிரிக்கும். காது சிவக்க அவனும் சிரிப்பான்.

இந்த மாதத்தோடு செல்வமேரியின் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு மாதமாகவே கட்டையைக் காட்டி, “இது அவ வந்தன்னிக்கு வெந்நீர் அடுப்புக்குப் போவுது” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நிற்கும் வீட்டுக்கு முன்னால், அவளுக்குப் பிடித்த டிசம்பர் பூச்செடிகூட வைத்தான்.

சென்ற வாரம் மாதையனின் வண்டிக்கு அடியில் இருந்தபோது போன் வந்தது. கையெல்லாம் கிரீஸ். ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

“ஏனுங்க, கெழவிக்கு நொம்ப முடியலீங்க. இன்னும் ஒரு வருசம் இருந்து குடுன்னு அதோட மக எங்கையைப் புடிச்சிட்டு அழுவுது. இருந்தா நம்ம ஊட்டுக்குக் கூரையும் போட்றலாம். ஆனா நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்தர்றனுங்க.”

டயரில் சாய்ந்து நின்றிருந்த மாதையன் பீடியை அணைத்தார். அடியில் ஏசுராஜ் கையிலிருந்த நட்டைத் துணியில் அதன் வரிசையில் வைத்தான்.

“கெழவிய உட்டுப்போட்டு எப்படி வருவ? இருந்துட்டே வா, மேரி.”

“பெடலு ஆருங்க அமுத்தறாங்க?”

“கட்டைதான்.”

அவள் சிரித்தது கேட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. “சூதானமா இருங்க” என்று வைத்துவிட்டாள்.

ஏசுராஜ் வெளியே வந்தான். வண்டியில் ஏறிக் கட்டையை எடுத்தான். பின்னால் புஸ் என்றது; அவன் ஓடவில்லை. பெடலில் பட்டுப் பட்டு நைந்துபோயிருந்த அதன் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு பழைய டியூப் ஒன்றிலிருந்து ஒரு துண்டு ரப்பரை அளந்து வெட்டி, அந்த நுனிக்கு இறுக்கிச் சுற்றி, சின்ன ஆணிகளாக ஒவ்வொன்றாய் அடித்தான்.