கங்காணி வீட்டுப் பைப்பும் அமெரிக்கப் படமும்

தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பெரிய கங்காணி வீடு இருந்த மேட்டில் ஒரு தண்ணீர்ப் பைப் இருக்கிறது. கங்காணியும் இல்லை, வீடும் இல்லை; பைப் மட்டும் சொட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரும். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்து இந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. ஒரு நாள் பதுளையிலிருந்து வான் ஒன்று வந்து, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளைத் துணி கட்டி அமெரிக்கப் படம் காட்டியது. தொப்பி போட்ட ஒருவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி, அரசாங்கம் செய்வது சரியா என்று கேட்கிறார். மாவு பிசைந்த கையோடு ஒரு பெண் பதில் சொல்கிறாள். மறுநாள் அது பத்திரிகையில் வர, ஜனாதிபதி படித்துவிட்டு நெற்றியைச் சுருக்குகிறார். தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த யாழ்ப்பாணத்தவர், எங்களுக்கு டாக்டரையா, தமிழில் விளக்கினார்: "அங்க சனம் என்ன நினைக்குதெண்டு கேக்காமல் ஆட்சி நடத்தேலாது."

என் அத்தை இருந்த இடத்திலிருந்தே கேட்டாள்: "பதில் சொன்ன பொம்பளைக்கு அப்புறம் பேர் வெட்டிட்டாங்களாங்க?" வேலையிலிருந்து நிறுத்துவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரையா சிரிக்கவில்லை.

அப்போதுதான் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களுக்கு ஒரே ஒரு பைப் போட, தோட்டத்தை நடத்திய தொரை சம்மதித்திருந்தார். மேட்டில் தன் வீட்டருகே வேண்டும் என்றார் கங்காணி. ஆட்களைக் கேட்டு முடிவு செய்யலாமே என்று டாக்டரையா போய்ச் சொல்ல, கேட்டுப் பாரும் என்றார் தொரை. அத்தைக்கு அப்போது நிறைமாதம். பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலியில் தண்ணீர் பிடித்து, வழுக்குப் பாதையில் குடத்தோடு ஏறி வருவாள். பைப் கீழ் லயத்து முனையில் வரவேண்டும் என்பதைத் தவிரப் பீலியடியில் பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை.

டாக்டரையா படத்தில் வந்தவரைப் போலவே கதவைத் தட்டினார்.

"பைப் எங்க வந்தால் உங்களுக்கு வசதி? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

அத்தை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் இங்கதாங்க பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதாங்க பொறந்தாரு."

"அதை ஆர் கேட்டது?"

பக்கத்துக் காம்பரா மாமா எட்டிப் பார்த்தார். "அடுத்து அதத்தாங்க கேப்பீங்க!"

குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் வாக்குரிமை பறிபோயிருந்த காலம் அது. வாசலுக்கு வந்து கேள்வி கேட்டவர்களெல்லாம் எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய் என்றே கேட்டார்கள். அதற்கு ஒரே பதிலைப் பெரியவர்கள் எல்லோருக்கும் பழக்கி வைத்திருந்தார்கள். டாக்டரையா எல்லா வாசலிலும் ஏறி இறங்கினார். பிறந்த கதைதான் கிடைத்தது, இல்லாவிட்டால், "ஐயா சொன்னா சரிங்க." ஆட்களுக்கு ஒரு கருத்தும் இல்லை என்று தொரை முடித்துவிட்டார். பைப் மேட்டுக்குப் போனது. எங்கள் லயத்துக்கு மேடு பள்ளத்தைவிடத் தூரம். வலி கண்ட அன்று காலையிலும் அத்தை பீலியிலிருந்துதான் குடம் சுமந்து வந்தாள்.

இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பீலியடியில் அத்தனை உரக்கப் பேசியது கருத்து இல்லையா? கேட்பவர் முன்னால் சொன்னால்தான் அது கருத்தா? அந்த அமெரிக்கப் பெண் தான் நினைத்ததைச் சொன்னாளா, முந்தின நாள் பத்திரிகையில் படித்ததைச் சொன்னாளா? ஜனாதிபதி நெற்றியைச் சுருக்கியபின் என்ன செய்தார் என்று படத்தில் காட்டவே இல்லை. அந்த நாளில் டாக்டரையாவிடம் கேட்கலாம் என்று நினைப்பேன், கூச்சம் விடாது. அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

போன மாதம் தண்ணீர் வசதி பற்றி விசாரிக்கப் பதுளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் ஆட்களின் பிள்ளைதான், படித்தவள். அந்தப் பழைய பைப்பருகே என்னை நிறுத்தி, "இதக் கீழ மாத்துறதப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்றாள். என்ன நினைக்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருடமாகத் தெரியும்.

"நான் இங்கதாம்மா பொறந்தேன்" என்றேன்.

"நான் அதக் கேக்கலியேம்மா" என்றாள் அவள். பைப் சொட்டிக்கொண்டிருந்தது.