பைசா பெறாத டோக்கன்

ஓசியில் கொடுக்கிற வேலைதானே, இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிவகாசியில் வீட்டிலிருந்தபடி பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு சமாச்சாரம் பார்க்கும் ஒரு பிளாக்செயின் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மென்பொருள் எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்க்க விளையாட்டுக் காசு மாதிரி டோக்கன் வேண்டும். கேட்டால் அதைக் கொடுக்கும் இணையப் பக்கத்துக்கு ஃபாசெட் என்று பெயர். அதற்குக் காவல் நான். ஓசிச் சரக்கோடு மல்லுக்கட்டி நொந்துபோன அன்பர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்கு விளக்கியது

அப்பா பட்டாசு ஏஜெண்டு. வாங்கிப் போகிறவர்கள் திரும்ப வருவார்களா என்று கேட்டார். வருவார்கள், மறுபடியும் ஓசியில் வாங்க என்றேன்.

"ஏலே, நாங்க சாம்பிள் குடுத்தா ஆர்டராவது வரும். ஒனக்கு என்னலே வரும்?"

வேன் வருவதற்குள்

பக்கத்து வீட்டு செல்வியக்காவுக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக்குத் திரி செருகும் வேலை. இந்த டோக்கன் ஒரு நாள் லட்சமாகும் என்று எவனோ வீடியோவில் சொன்னதை நம்பிச் சேர்க்க ஆரம்பித்தார். ஆலைக்குள் போன் ஆகாது என்பதால், காலையில் ஆலை வேன் ஏறுவதற்குள் வாங்கிவிடுவார். சீக்கிரமே வேன் மொத்தமும் சேர்ந்துகொண்டது. பிளஸ் டூ முடித்த மகள் கவிதா அந்த வேனில் ஏறக் கூடாது, நர்சிங் படிக்க வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசை கிடையாது.

இது பைசா பெறாது என்று கெஞ்சினேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று என் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததைக் காட்டினார். ஒருத்தரே அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அது என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"பெறாத சாமானுக்கு எதுக்குத் தம்பி அளவு வச்சிருக்கீக?"

பழையதை மூடியபோது

இந்த டோக்கன் புழங்கும் பழைய டெஸ்ட் நெட்வொர்க்கை மூடிவிட்டுப் புதியதைத் திறப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பழைய டோக்கனெல்லாம் அதோடு போய்விடும். இந்தத் தடவையும் மூடினார்கள். மனசு கேட்காமல் வேன் நிற்கும் இடத்துக்கே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். திட்டவில்லை. அவர் பக்கத்தில், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு கவிதா நின்றாள். காலேஜில் சேரும் நாளெல்லாம் போய்விட்டிருந்தது.

"போனாப் போகுது தம்பி, புதுசுல சேத்துவிடுங்க. இனிமே நாங்க ரெண்டு பேரு, ரெண்டு போனு. தெனம் ரெண்டு தடவ கெடைக்கும்ல?"

யாரிடமும் எதையும் விற்காமல், ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு வேன் நிறைய ஆட்களை நம்ப வைத்த தொழில் என்னுடையது.