இடுப்பில் வந்த சாவி

எண்பதுகளில் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாட்ச்மேன். பள்ளி ஊழியர்களுக்குத் தீத்தடுப்புப் பயிற்சி என்று ஒருநாள் திருச்சிக்குக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் முதல் மணி அடித்ததும் பின் கேட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர் மணல் வாளியைத் தூக்கிக் காட்டினார். பிறகு, "கேட் சாவி எப்பவும் கேட்டுக்குப் பக்கத்துலயே இருக்கணுங்க. யாரு வேணும்னாலும் எடுக்கிற மாதிரி மாட்டி வைங்க" என்றார்.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அரைஞாண் கயிற்றில் என்னோடு வந்திருந்தது.

பின் கேட்டை ஒட்டித்தான் ஒன்றாம் வகுப்பின் கீற்றுக் கொட்டகை. அதற்கு அடுத்தது சத்துணவுச் சமையல்கூடம். தீப்பிடித்தால் பிள்ளைகள் அந்த விறகடுப்பைத் தாண்டித்தான் முன் கேட்டுக்கு ஓட வேண்டும். பத்து மணிக்கு அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

அப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. மத்தியானம் கையெழுத்துப் போடாமல் போகக் கூடாதாம். நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. புகை தெரிகிறதா என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாவியை யாரும் தேடவே இல்லை. அப்போதே பின் கேட்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அதை மாட்டினேன்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"அங்கெல்லாம் மாட்டாதீங்க. பசங்க திறந்துட்டு ஓடிடுவாங்க."

"அவங்க ஓடத்தான் சார் மாட்டினேன்" என்றேன்.